வியாசர்பாடியில என்னடா பறவை?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ் முடிச்சுட்டு மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ரிலீஸ். சரி, அதை விடுங்க. ஒரு விஷயம் ரெண்டு வாரமா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க கொட்டினாத்தான் தூக்கம் வரும்.

எங்க டீம்ல நாலஞ்சு பேருக்குப் பறவை பார்க்கிற பழக்கம் உண்டு. அடியேனும் ரெண்டு வருஷமா அந்த ஜோதியில ஐக்கியம். கழுத்துல பைனாகுலர், கையில சின்ன நோட்டு, மண்ணு கலர்ல ஒரு தொப்பின்னு செட்டப் எல்லாம் பக்கா. அன்னைக்கு மதியம் சாப்பிடும்போது வர்ற ஞாயித்துக்கிழமை எங்க போகலாம்னு பேச்சு வந்துச்சு. ஒருத்தர் வேடந்தாங்கல்னார், இன்னொருத்தர் பள்ளிக்கரணைன்னார். நான் சும்மா இருக்காம, "ஒரு தடவை எங்க பக்கம் வாங்களேன், எண்ணூர் வரைக்கும் போயிட்டு வரலாம்"னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

"உங்க பக்கமா? வியாசர்பாடியில என்னடா பறவை? அங்க பறக்கிறதெல்லாம் கத்திதான!"

எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னவன் நல்ல பையன், மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு சொல்லல. ஆனா அதில்லை விஷயம். கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன். அதான் ரெண்டு வாரமா உறுத்துது.

பொறந்து வளர்ந்த ஊர்ல என்ன பறக்குதுன்னு கேட்டா, கத்தின்னு சொல்றவன் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு. பதில் சொல்லத் தெரியல. அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல இந்த வசந்த காலம் மேட்டரை முடிச்சுடுவோம். இங்கிலீஷ் புத்தகத்துல எல்லாம் வசந்தம் வந்தா பறவைங்க வரும், பனி உருகும், பாட்டுப் பாடும். நம்ம ஊர்ல எல்லாம் தலைகீழ். இங்க வர்றவங்க ஐப்பசி கார்த்திகையிலயே வந்தாச்சு. பங்குனி, சித்திரைங்கிறது வழியனுப்புற சீசன். நாலஞ்சு மாசம் நம்ம சேத்துல சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு, "வரட்டா?"ன்னு கிளம்புற நேரம். அதே நேரத்துல உள்ளூர்க்காரங்க கல்யாண வேஷம் கட்ட ஆரம்பிப்பாங்க. ஆக ஒரே மாசத்துல ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், இன்னொரு பக்கம் கல்யாண மண்டபம்.

இந்த ரெண்டும் வியாசர்பாடியில நடக்குதா? எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு இந்தப் பங்குனியில பார்த்ததை அப்படியே சொல்றேன்.

பக்கத்து வீட்டு முருங்கை மரத்துல ஒரு குருவி. நம்ம சிட்டுக்குருவியை விடச் சின்னது. மண்ணு கலர். பார்க்க ஒண்ணுமே இருக்காது, ஆனா இலைக்குள்ள இருந்துக்கிட்டு நாக்கைத் தட்டுற மாதிரி "டக்... டக்..."னு சத்தம் விட்டுக்கிட்டே இருக்கும். மாசக்கணக்கா அது ஏதோ பூச்சின்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். நாணல் கதிர்குருவியில ஒரு வகை அது. கல்கத்தாவுல ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தைப் பார்த்துக்கிட்ட எட்வர்ட் பிளித்ங்கிற வெள்ளைக்காரர் பேரை வச்சிருக்காங்க. கூடு கட்டுறது பின்லாந்து, ரஷ்யா பக்கம். குளிர்காலம் மட்டும் இந்தியா. அதாவது ரஷ்யாவுல பொறந்த ஒரு ஜீவன், இத்தனை கிராம் எடை கூட இருக்குமான்னு சந்தேகப்படற சைஸ்ல, இமயமலைப் பக்கமெல்லாம் தாண்டி வந்து, வியாசர்பாடியில ஒரு முருங்கை மரத்தைத் தேர்ந்தெடுத்து நாலஞ்சு மாசம் குடித்தனம் பண்ணிட்டுப் போகுது. நம்ம ஆபீஸ்ல ஆன்சைட் கிடைச்சா பார்ட்டி கேட்பாங்க. இது வருஷா வருஷம் சத்தமில்லாம போயிட்டு வருது :-)

அடுத்து குயில். மாசி கடைசியிலேயே ஆரம்பிச்சாச்சு. விடியக்காலம் நாலரை மணிக்கு எழுப்பி விட்டுடறான். கூவுறது ஆம்பளைதான், கன்னங்கரேல்னு இருக்கும். பொம்பளைக் குயில் பழுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அதைக் குயில்னே பாதிப் பேருக்குத் தெரியாது. காக்கா கூட்டுல முட்டையிடும்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எங்க தெருவுல அந்தக் காக்கா கூடே ஒரு தனிக் கதை. குச்சி கம்மி, கம்பி ஜாஸ்தி. பழைய இரும்புக் கடையிலிருந்தும் வெல்டிங் பட்டறையிலிருந்தும் பொறுக்கின கட்டுக்கம்பி, ஒயர் துண்டு. வடசென்னைக் காக்கா கூட ஃபேப்ரிகேஷன்லதான் இருக்கு.

பசங்க ஃபுட்பால் ஆடற கிரவுண்டுல, காலையில ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்த மஞ்சள் வாலாட்டிக் குருவிங்க பங்குனிப் பாதியில காணாமப் போச்சு. கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்துல எப்பவும் அழுக்குச் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மடையான், முதுகுல மெரூன் கலர் சால்வை போர்த்திக்கிச்சு. உண்ணிக்கொக்குக்குத் தலையிலயும் கழுத்துலயும் ஆரஞ்சு ஏறிடுச்சு. அந்தக் கால்வாய் தண்ணி என்ன கலர், என்ன வாசனைன்னு வடசென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரையிலதான் மாப்பிள்ளைக் கோலம்.

சரி, இதெல்லாம் பைனாகுலர் வாங்கின பிறகு நானாக் கண்டுபிடிச்சேன்னு மார் தட்டிக்கலாம்னு பார்த்தா, அதுக்கும் ஒருத்தர் ஆப்பு வச்சார்.

எங்க தெருக்கோடியில ஒரு அண்ணன் புறா வளர்க்கிறார். வடசென்னையில புறாப் பந்தயம் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. கர்ணம், சாதா, ஹோமர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. ஹோமரை ஆந்திரா, மகாராஷ்டிரான்னு தூரமா கொண்டு போய் விட்டா வீடு தேடி வரும். ஒரு நாள் நான் மாடியில காக்கா கூட்டைப் பைனாகுலர்ல பார்த்துக்கிட்டிருந்தப்ப, அவர் மாடியிலேர்ந்து குரல் கொடுத்தார்.

"இன்னா தம்பி, காக்காவப் போய் கண்ணாடி போட்டுப் பாத்துனுகீற?"

"பறவை பாக்குறேண்ணா. எழுதி வைக்கிறது."

"அப்ப இத எழுதிக்க. ராஜாளி போய் நாலு நாளாவுது. இனிமே ஐப்பசிக்கு அப்பாலதான் வரும். இந்த மாசம் புறாவ தைரியமா வுடலாம்."

ஙேன்னு முழிச்சேன். அவர் ராஜாளின்னு சொன்னது, புத்தகத்துல பொரி வல்லூறுன்னு போட்டிருக்கிற பறவை. மேலேர்ந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகம் போறது. நம்ம ஊருக்குக் குளிர்காலத்துல வடக்கேர்ந்து வந்து, உயரமான டவர், புகைபோக்கின்னு உட்கார்ந்துக்கிட்டு புறா அடிச்சுச் சாப்பிட்டுட்டு, பங்குனி சித்திரையில திரும்பிடும். புத்தகத்துல நாலு பக்கம் படிச்சு நான் தெரிஞ்சுக்கிட்டதை, புறா போயிடுமேங்கிற பயத்துல இருபத்தஞ்சு வருஷமா வானத்தைப் பார்த்து அவர் தெரிஞ்சு வச்சிருக்கார். எந்த டவர்ல உட்காரும், எத்தனை மணிக்கு வரும், கூட வர்ற வைரிக்கும் இதுக்கும் றெக்கை அடிக்கிறதுல என்ன வித்தியாசம், எல்லாம் அத்துபடி. அண்ணாந்து பார்த்துட்டு "இது பருந்து, ஒண்ணும் பண்ணாது"ன்னு அவர் சொல்லி முடிச்சப்ப நான் இன்னும் போகஸ் திருகிக்கிட்டிருந்தேன்.

வியாசர்பாடியில பறவை இல்லைன்னோ, பார்க்கிறவன் இல்லைன்னோ யாரும் சொல்ல முடியாது. எழுதி வச்சவன்தான் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை நான் தனியாவே எண்ணூர் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவுல கொருக்குப்பேட்டை, அங்கேர்ந்து கும்மிடிப்பூண்டி ரயில். எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டினா கொசஸ்தலை ஆத்துப் பாலம். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் அலையாத்திப் புதர், நடுவுல வத்தம் இறங்கின சேத்துத் திட்டு. அந்தச் சேத்துல நின்னுக்கிட்டிருந்ததைப் பார்த்துதான் இந்தப் பதிவை எழுதியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

உள்ளான் கூட்டம். நூறுக்கு மேல எண்ண முடியல. மார்கழியில வந்தப்ப எல்லாம் ஒரே சாம்பல் கலர், எது என்னன்னு பிரிக்கவே முடியாம தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தேன். இப்ப பாதிப் பேர் வேஷம் மாத்திட்டாங்க. மூக்கு கீழ வளைஞ்ச ஒரு வகை உள்ளான், கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும் சுட்ட செங்கல் நிறம் ஏறிக்கிட்டிருந்துச்சு. அது கூடு கட்டுறது சைபீரியாவோட வடகோடித் துந்திராவுல. இங்கேர்ந்து அவ்வளவு தூரம் பறக்க உடம்புல கொழுப்பு ஏத்திக்கணும். அதுக்கான தீனி இந்தச் சேத்துல இருக்கிற புழுவும் குட்டி நண்டும்தான். அவங்களுக்கு எண்ணூர் ஒரு பெட்ரோல் பங்க் மாதிரி. டேங்க் ரொம்பாம கிளம்பினா நடுவழியில அவ்வளவுதான்.

தண்ணிக்கு மேல மீசை ஆலாக்கள் சுத்திக்கிட்டிருந்துச்சு. கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், ஆலா எங்க விழுதோ அங்கதான் பொடி மீன் நிக்கும்னு சொன்னார். புறா அண்ணன் மாதிரியே இவருக்கும் வயித்துப்பாட்டோட சேர்ந்த படிப்பு. கூழைக்கடா பத்திக் கேட்டேன். முகம் மாறிடுச்சு. "அந்த எண்ணெய் வந்தப்ப பாத்திருக்கணும் தம்பி. வெள்ளைப் பறவ கறுப்பா நின்னுச்சு. பறக்கவும் முடியல, தொடைக்கவும் முடியல."

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோட கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெயில முங்கி நின்ன போட்டோ அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, வாளியில அள்ளின காட்சியெல்லாம் ஞாபகம் இருக்கும்.

இப்ப பைனாகுலர் மேட்டர். அதே எண்ணூர்ல திரும்பி வரும்போது பாலத்துக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். என்ன பண்றே, யாரு, எந்த ஏரியா? வியாசர்பாடின்னு சொன்னதும் குரல் மாறிச்சு. பையைத் திறக்கச் சொன்னார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "மடையான் 6, மீன்கொத்தி 2, கரும்பருந்து 31"ன்னு இருந்ததைப் படிச்சுட்டு, இது என்ன கோடு வேர்டான்னு கேட்டார். சிரிக்காதீங்க, நெஜமாவே கேட்டார். கம்பெனி ஐடி கார்டைக் காட்டின பிறகுதான் "சரி சார், கெளம்புங்க"ன்னு 'சார்' வந்துச்சு. இதே பைனாகுலரோட பள்ளிக்கரணை ரோட்டோரம் எத்தனையோ தடவை நின்னிருக்கேன். அங்க ஒருத்தரும் என்னை எதுவும் கேட்டதில்லை. ஒருத்தர் வண்டியை நிறுத்தி என்ன பறவைன்னு ஆசையா விசாரிச்சார். அங்க நான் இயற்கை ஆர்வலர், இங்க சந்தேகக் கேஸ். ஐடி கார்டு இல்லாத எங்க தெருப் பையன் பைனாகுலரோட நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கத்துலேர்ந்து ஏன் பட்டியல் வரலைங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியல் வரலைன்னா என்ன குடி முழுகிடும்?

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். புரொடக்ஷன்ல ஒரு பிரச்சனை வருது. யூசர் கதறுறார். ஆனா லாக்ல ஒண்ணும் இல்லை. மேனேஜர் என்ன சொல்வார்? "லாக் இல்லையா? அப்ப இஷ்யூவே இல்லை, டிக்கெட்டை மூடு." வடசென்னைக்கு நடக்கிறது இதான். ஒரு இடத்துல சாம்பல் கொட்டணும், மண்ணு ரொப்பணும், ஷெட் போடணும்னா "அங்க என்ன இருக்கு, வெறும் சேறு"ங்கிறது ஒரு வரியில முடிஞ்சுடும். வெறும் சேறு இல்லை, செங்கல் கலர்ல நூறு உள்ளான் சைபீரியா போறதுக்கு டேங்க் ரொப்பிக்கிட்டிருக்குன்னு தேதி போட்டு, இடம் போட்டு, எண்ணிக்கை போட்டு எழுதி இருந்தாத்தான் மூடின டிக்கெட்டைத் திரும்பத் திறக்க முடியும்.

பள்ளிக்கரணையைப் பாருங்க. அங்கயும் பெருங்குடி குப்பைமேடு இருக்கு, நம்ம பக்கம் கொடுங்கையூர் இருக்கிற மாதிரி. அதையும் ஒரு காலத்துல வெறும் சதுப்பு நிலம்னுதான் சொன்னாங்க. 2007ல ஒரு பகுதி காப்புக் காடாச்சு. 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. 1978ல ஆரம்பிச்ச மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரி அமைப்புங்களும் தனி ஆளுங்களும் வருஷக்கணக்கா எழுதி வச்சிருந்ததால, வாதாட கையில காகிதம் இருந்துச்சு. பட்டியல் மட்டும் காப்பாத்திடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அத்தனை பட்டியலுக்கு நடுவுலயும் சதுப்பு நிலம் சுருங்கத்தான் செஞ்சுது. ஆனா காகிதமே இல்லைன்னா சண்டையே ஆரம்பிக்காது. எண்ணூர் மீனவர்கள் சாம்பல் கழிவுக்கு எதிரா பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய், 2022ல சாம்பலை அகற்றி இடத்தைச் சீராக்கணும்னு உத்தரவு வாங்கினாங்க. அவங்க தன் கையால பிடிச்ச நண்டு, இறால் கணக்கை வச்சுப் போராடினாங்க. பறவைக் கணக்கு நம்ம பங்கு.

இதை வீட்டுல சொன்னப்ப எங்க சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "ஏன்டா, மனுஷனுக்கே மூச்சு விட நல்ல காத்து இல்ல, மழை வந்தா இடுப்பளவு தண்ணி. இதுல பறவைய எண்ணி என்ன பண்ணப் போற?"

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்குத் தோணின பதில் இதுதான். 2023ல கூழைக்கடா மேல ஒட்டின எண்ணெயும், மீனவர் வலையில ஒட்டின எண்ணெயும், ஜனங்க வீட்டுச் சுவத்துல கோடு போட்ட எண்ணெயும் ஒரே எண்ணெய்தான். பறவைக்குன்னு தனி சேறு, மனுஷனுக்குன்னு தனி சேறு கிடையாது. பறவையை எண்ணினா மனுஷனை மறந்தோம்னு அர்த்தமில்லை. நம்ம இடத்துக்கு இன்னொரு சாட்சி சேர்க்கிறோம்னு அர்த்தம். அவர் ஒத்துக்கலை. "சரி, நல்லா எண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டார்.

ஒருத்தன் எண்ணி என்ன ஆகப் போகுதுன்னு நினைக்காதீங்க. இந்தியப் பறவைகளின் நிலை பத்தி 2023ல வந்த அறிக்கை, 942 வகைப் பறவைகளை அலசினது. ஆதாரம் எங்கேர்ந்து? சுமார் 30,000 பேர் இபேர்ட்ல போட்ட 3 கோடிக்கு மேலான பதிவுகள். அதுல பெரும்பாலானவங்க நம்மளை மாதிரி வேலைக்குப் போற முன்னாடி மாடியில நின்னு எண்ணினவங்கதான். அந்த இபேர்ட் மேப்பை நான் முதல்ல திறந்து பார்த்தப்ப, தெற்குப் பக்கம் புள்ளி புள்ளியா நெறஞ்சு கிடந்துச்சு. எங்க தெரு இருக்கிற பக்கம் வெறிச்சோடிக் கிடந்துச்சு. பறவை இல்லாத வெறிச்சு இல்லை அது. நான் இத்தனை வருஷம் எழுதாத வெறிச்சு.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இங்க எழுதற பாதிப் பேர் ஏதோ ஒரு 'அங்க என்ன இருக்கு' ஊர்லேர்ந்து வந்தவங்கதான். தொழிற்பேட்டை, நிலக்கரி யார்டு, குப்பைமேடு, ஏரியைத் தூர்த்த காலனி. லீவுக்கு வேடந்தாங்கல், கூந்தன்குளம் தாராளமா போங்க. ஆனா சொந்தத் தெருவுல கால் மணி நேரம் நின்னு, பார்த்ததை எல்லாம் எண்ணி எழுதுங்க. பேர் தெரியலைன்னா பக்கத்துல புறா வளர்க்கிறவர், வலை போடறவர், ஆடு மேய்க்கிறவர் யாரையாவது கேளுங்க. அவங்க சொல்ற பேரையும் சேர்த்து எழுதுங்க. காக்காவை மறக்காம எண்ணுங்க. காக்காதானேன்னு விட்டுட்டா ஒரு நாள் அதுவும் கணக்குல இருக்காது.

இன்னைக்குக் காலையில மாடிக்குப் போனேன். முருங்கை மரத்துல டக் டக் சத்தம் இல்லை. கால் மணி நேரம் நின்னேன், இல்லை. நம்ம ரஷ்யாக்காரர் கிளம்பிட்டார் போல. நோட்டுல தேதி போட்டு எழுதினேன். புறா அண்ணன்கிட்ட சொன்னேன். "அதுவும் ஐப்பசிக்கு அப்பாலதானா?"ன்னு கேட்டார். ஆமாண்ணான்னேன். தலையாட்டிட்டு புறாக்கூண்டைத் திறந்து விட்டார்.

டிஸ்கி: 'கத்தி'ன்னு சொன்ன நண்பனுக்கு இந்தப் பதிவோட லிங்க்கை அனுப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்கு வர்றதா சொல்லியிருக்கான். வந்தானா இல்லையான்னு அடுத்த பதிவுல சொல்றேன் :-)